பல் பார்த்து வாங்குவோம்

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

மாட்டுச் சந்தைக்குப் போகும் உழவர், மாட்டின் மினுமினுப்பைப் பார்த்த மாத்திரத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. வாயைத் திறந்து பல்லை எண்ணுகிறார். இரண்டு பல்லா, நான்கு பல்லா, எல்லாம் முளைத்துக் கடை சேர்ந்துவிட்டதா என்று பார்த்து வயதைக் கணிக்கிறார். நடக்கவிட்டுப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார். விற்பவர் சொல்லும் வயதை அவர் அப்படியே ஏற்பதுமில்லை. அதற்காக அவரோடு சண்டைக்குப் போவதுமில்லை. பல் உண்மையைச் சொல்லிவிடும் என்பது இருவருக்கும் தெரியும். எழுத்தறியாத உழவரிடமும் இருக்கும் இந்த எச்சரிக்கை, கல்லூரியில் படிக்கும் நாம் ஒரு பழைய மடிக்கணினியை வாங்கப் போகும்போது எங்கே மறைந்துவிடுகிறது? இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மடிக்கணினி இன்று கலைக் கல்லூரி மாணவர்க்கும் இன்றியமையாத பொருளாகிவிட்டது. ஆய்வேடு தட்டச்சு செய்யவும், புள்ளியியல் கணக்குகள் போடவும், இணையவழிப் பாடங்கள் கேட்கவும், வேலைக்கு விண்ணப்பிக்கவும் கைப்பேசியின் சிறு திரை போதுவதில்லை. தமிழ்நாட்டு அரசு 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அளித்த நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று அறிவித்தது. அவ்வாறு பெற்றவர்கள் பேறு பெற்றவர்கள். பெறாதவர்களும், படிப்பை முடித்து வெளியேறியவர்களும், தம்பி தங்கையர்க்கு வாங்க வேண்டியவர்களும் கடைத்தெருவைத்தான் நாட வேண்டியுள்ளது.

அங்கே நல்ல புதியதன் விலை பெரும்பாலும் நாற்பது, ஐம்பதாயிரம் ரூபாய் என்று தொடங்குகிறது. பழையதைப் புதுப்பித்து விற்பதோ இருபதாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. இருபதாயிரம் என்பது நம்முள் பலருக்குச் சிறு தொகையன்று. 2025-26ஆம் நிதியாண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டிற்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அக்கணக்கில் இருபதாயிரம் ரூபாய் என்பது ஏறத்தாழ 60 நாள் உழைப்பு. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்த உதவித்தொகையை ஒரு பைசா செலவழிக்காமல் இருபது மாதம் சேர்த்தால்தான் அத்தொகை கைக்கு வரும். அந்தப் பணம் ஆறே மாதத்தில் ஓய்ந்துவிடும் ஒரு பெட்டிக்குப் போய்விட்டால், இன்னொரு முறை கேட்க வீட்டில் வாய் வராது.

புதுப்பித்தது எது?

வங்கிகளும் மென்பொருள் நிறுவனங்களும் மடிக்கணினிகளை நூற்றுக்கணக்கில் வாங்குகின்றன. அல்லது குத்தகைக்கு எடுக்கின்றன. மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்தியபின் அவற்றை மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. இவற்றை வாங்குவோர், உள்ளிருக்கும் தகவல்களை அழித்து, பழுதான உறுப்புகளை மாற்றி, சோதித்து விற்பதே ‘புதுப்பித்தல்’ ஆகும். அலுவலகப் பயன்பாட்டிற்கென்றே செய்யப்பட்ட திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்ற வகைகளே இவ்வணிகத்தில் மிகுதி. இவை உறுதியான உடலுடையவை. உதிரி உறுப்புகளும் எளிதில் கிடைப்பவை. ஆகவே நன்கு புதுப்பிக்கப்பட்ட அலுவலக மடிக்கணினி, அதே விலைக்குக் கிடைக்கும் மலிவான புதியதைவிட மேலானதாக இருப்பதும் உண்டு.

ஆனால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அப்படியே மாறும் வெறும் பழைய மடிக்கணினியையும் ‘புதுப்பித்தது’ என்றே சொல்லி விற்பவர்கள் உண்டு. ‘ஏ கிரேடு’, ‘பி கிரேடு’ என்று ஒட்டப்படும் தரச் சீட்டுகளும் பெரும்பாலும் கீறல், நிறம் முதலிய மேனித் தோற்றத்தைப் பற்றியவையே. எல்லாக் கடைகளுக்கும் பொதுவான அளவுகோல் அவற்றுக்குக் கிடையாது. ஒரு கடையின் ‘ஏ’ இன்னொரு கடையின் ‘பி’யாக இருக்கலாம்.

1970இல் எழுதப்பட்ட பாடம்

இத்தகைய சந்தையின் இயல்பைப் பொருளியல் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துவிட்டது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் ‘எலுமிச்சைகளின் சந்தை’ என்ற பொருள்படும் தலைப்பில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வெளியே பளபளத்து உள்ளே பழுதாக இருக்கும் மோட்டார் காரை அமெரிக்கர்கள் ‘எலுமிச்சை’ என்று கேலியாகச் சொல்வார்கள். பழைய கார்ச் சந்தையே அக்கட்டுரையின் எடுத்துக்காட்டு. மூன்று ஆய்விதழ்கள் திருப்பியனுப்பிய பின்னரே அது அச்சேறியது. பின்னர் 2001இல், மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அகெர்லாஃபுக்குப் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு கிடைத்தது.

அவர் கருத்தை நம் மடிக்கணினிக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு சந்தையில் 100 மடிக்கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். 50 நல்லவை, ஒவ்வொன்றும் 25,000 ரூபாய் பெறும். மற்ற 50 பழுதானவை; ஒவ்வொன்றும் 10,000 ரூபாய்தான் பெறும். எது எது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் என்ன விலை கொடுப்பார்? இரண்டுக்கும் நடுவே 17,500 ரூபாய் கொடுக்க முன்வருவார். நல்ல மடிக்கணினி வைத்திருப்பவர் “இந்த விலைக்கு நான் விற்க மாட்டேன்” என்று சந்தையை விட்டுப் போய்விடுவார். பழுதானதை வைத்திருப்பவரோ மகிழ்ச்சியோடு விற்பார். நாளடைவில் சந்தையில் பழுதானவையே எஞ்சும். கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டும் என்ற கிரஷாம் விதியை முதலாண்டிலேயே படித்தோம் அல்லவா? ஏறக்குறைய அதே கதைதான் இது. இதனால் தோற்பவர் வாங்குபவர் மட்டுமல்லர். நேர்மையான வணிகரும் தோற்கிறார்.

பழைய புத்தகச் சந்தையில் இத்தொல்லை இல்லை. 1985இல் தீக்கிரையாகும்வரை சென்னை மூர் மார்க்கெட்டில் எத்தனையோ தலைமுறை மாணவர்கள் பழைய பாடநூல்களைத் தேடி வாங்கினார்கள். புத்தகத்தில் பக்கம் கிழிந்திருந்தால் புரட்டினாலே தெரிந்துவிடும். விற்பவர் அறிந்ததையெல்லாம் வாங்குபவரும் அறிவார். மடிக்கணினியின் பக்கங்களோ மூடியிருக்கின்றன. வேறுபாடு அவ்வளவுதான்.

இக்கட்டுரையில் இந்தியாவும் இடம்பெறுகிறது. அகெர்லாஃப் 1967-68இல் தில்லியில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஓராண்டு இருந்தவர். கடைத்தெருவில் வாங்கிய அரிசியில், அரிசியைப் போலவே நிறமும் வடிவும் கொண்ட கற்கள் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருப்பதையும், இந்தியப் பெண்கள் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டியிருப்பதையும் அவர் குறிப்பிடுகிறார். பொய்யான பொருளால் நேரும் இழப்பு, ஏமாந்தவர் கொடுத்த பணம் மட்டுமன்று. ஏமாறாமல் இருக்க எல்லாரும் செலவிடும் உழைப்பும் அதில் சேரும் என்பது இதனால் விளங்கும். முறத்தில் கல் பொறுக்கும் அந்த உழைப்பைத்தான் நாமும் செய்தாக வேண்டும்.

பல் எங்கே இருக்கிறது?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவானாலும், நம் ஊர்க் கடையானாலும், பணம் கொடுக்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்கிக் கீழ்க்கண்டவற்றைப் பார்த்துவிட வேண்டும். அதற்கு இடந்தராத கடையில் வாங்க வேண்டியதில்லை.

முதலாவது, செயலியின் வயது. ‘ஐ5’, ‘ஐ7’ என்ற பெயரை மட்டும் கேட்டு மயங்கக் கூடாது. பத்தாண்டுக்கு முந்தைய ‘ஐ7’ஐவிட அண்மைக்கால ‘ஐ5’ மேலானதாக இருக்கலாம். இன்டெல் நிறுவனத்தின் இவ்வகைச் செயலிகளில், பெயரைத் தொடர்ந்து வரும் எண்ணே பல். ‘ஐ5-6300யு’ என்றால் ஆறாம் தலைமுறை. ‘ஐ5-8250யு’ என்றால் எட்டாம் தலைமுறை. எண் 1இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: ‘ஐ5-10210யு’ பத்தாம் தலைமுறை, ‘ஐ5-1135ஜி7’ பதினொன்றாம் தலைமுறை.

இந்த எண்ணுக்கு இப்போது ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கோ, பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் செயலியும், ‘டி.பி.எம். 2.0’ என்ற பாதுகாப்பு அமைப்பும் தேவை. ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் மலிவாகக் குவிவதற்கு இது ஒரு காரணம். குறுக்கு வழியில் அவற்றில் விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருவார்கள். ஆனால் அதற்கு அந்நிறுவனத்தின் பொறுப்பு இல்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற கட்டற்ற இயங்குதளங்களைப் பயன்படுத்தத் தயங்காதவர்க்கு மட்டும், தக்க விலையில் கிடைத்தால், அவை பயன்படும்.

இரண்டாவது, மின்கலம். கட்டளைச் சாளரத்தில் ‘பவர் சி.எஃப்.ஜி.’ என்ற கட்டளையுடன் ‘பேட்டரி ரிப்போர்ட்’ என்பதைச் சேர்த்துக் கொடுத்தால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் மின்கலம் செய்யப்பட்டபோது இருந்த கொள்ளளவும், இன்று முழுதாக ஏற்றினால் கொள்ளும் அளவும் இருக்கும். முன்னது 50,000, பின்னது 30,000 என்றால் மின்கலத்தின் வலிமை 60 விழுக்காடு. அது குற்றமன்று, ஆனால் புது மின்கலத்தின் விலையை மனத்தில் கொண்டு பேரம் பேச வேண்டும்.

மூன்றாவது, சேமிப்பகமும் நினைவகமும். பழைய சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக ‘எஸ்.எஸ்.டி.’ இருக்க வேண்டும். வேகத்தில் பெரும் வேறுபாட்டை உண்டாக்குவது இதுவே. ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள், அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, நலமாக இருக்கிறதா என்பதைக் காட்டும். ‘ரேம்’ எனப்படும் நினைவகம் 8 ஜி.பி.யாவது இருத்தல் நலம். மெல்லிய வகைகள் சிலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னாளில் கூட்ட முடியாது. இதையும் கேட்டறிய வேண்டும்.

நான்காவது, பழைய நிறுவனத்தின் பூட்டு. இதை அறியாதவர்கள் பலர். நிறுவனங்கள் தம் மடிக்கணினிகளைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்தும் ஏற்பாடு செய்திருக்கும். கழிக்கும்போது அதை நீக்க மறந்திருந்தால், என்றோ ஒருநாள் இயங்குதளத்தை மீண்டும் நிறுவும் வேளையில் அந்நிறுவனத்தின் பெயரும் கடவுச்சொல் கேட்கும் பக்கமும் தோன்றும். அப்புறம் அதை மீட்பது பெரும்பாடு. ஆகவே கடையிலேயே முற்றிலும் அழித்து, இணையத்தில் இணைத்து, புதிதாகத் தொடங்கச் செய்து பார்க்க வேண்டும். ‘பயாஸ்’ பகுதிக்குள் கடவுச்சொல் இன்றி நுழைய முடிகிறதா என்பதையும், அங்கே உள்ள வரிசை எண்ணும் அடிப்பக்கச் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்பதையும் ஒப்பிட வேண்டும். திருட்டுப் பொருளை அடையாளம் காண இது ஓரளவு உதவும். அரசு முத்திரை பொறித்த விலையில்லா மடிக்கணினி விற்பனைக்கு வந்தால் தொடவே வேண்டாம்.

ஐந்தாவது, விண்டோஸ் உரிமம். ‘ஆக்டிவேஷன்’ பக்கத்தில் ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்றிருந்தால் நலம். ‘உங்கள் நிறுவனத்தின் சேவை மூலம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஐயுற வேண்டும். அது நிறுவனங்களுக்குரிய உரிமம்; 180 நாளுக்குள் புதுப்பிக்கப்பட வேண்டியது. நாம் எந்த நிறுவனத்தில் இருக்கிறோம்?

இவற்றோடு விசைகள் அனைத்தையும் அழுத்திப் பார்த்தல், திரையை முழு வெள்ளையாக்கிக் கறை தேடல், கீல்கள் தளர்ந்துள்ளனவா என்று மூடித் திறத்தல், கேமரா, ஒலி, வை-ஃபை, எல்லாத் துளைகளும் வேலை செய்கின்றனவா என்று சோதித்தல் ஆகியவையும் தேவை. அரை மணி நேரம் ஓடவிட்டால் சூடும் தெரிந்துவிடும்.

விற்பவரையே சொல்ல வைத்தல்

எவ்வளவு பார்த்தாலும் தாய்ப்பலகையின் உள் நலத்தை நம்மால் காண முடியாது. அங்கேதான் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மற்ற இருவரும் துணைக்கு வருகிறார்கள். தெரிந்தவர் தெரியாதவர்க்குத் தன் தரத்தைச் செயலால் காட்டுவது ‘குறிப்புணர்த்தல்’. இது ஸ்பென்ஸ் ஆராய்ந்தது. தெரியாதவர் தக்க வாய்ப்புகளை முன்வைத்து, தெரிந்தவரின் தேர்விலிருந்து உண்மையை அறிவது ‘சலித்தறிதல்’. இது ஸ்டிக்லிட்ஸ் ஆராய்ந்தது.

“நல்ல பெட்டி தம்பி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போங்க” என்ற சொல்லுக்கு விற்பவர்க்கு ஒரு செலவும் இல்லை. ஆகவே அச்சொல் நமக்கு எதையும் அறிவிப்பதில்லை. ஓராண்டு உத்தரவாதத்தை எழுத்தில் கொடுப்பதற்கோ செலவு உண்டு. பழுதானதைத் தெரிந்தே விற்பவர்க்கு அச்செலவு மிகப் பெரிது. எனவே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “அண்ணா, ஒரு மாத உத்தரவாதத்தோடு இந்த விலை என்கிறீர்கள். இன்னும் ஆயிரம் ரூபாய் சேர்த்துத் தருகிறேன். ஓராண்டு எழுதித் தருவீர்களா?” பொருளை நம்புகிறவர் பெரும்பாலும் இசைவார். நம்பாதவர் நழுவுவார். அவர் வாய் சொல்லாததை அவர் விடை சொல்லிவிடும். மின்கலமும் திரையும் அந்த உத்தரவாதத்தில் அடங்குமா, பழுதானால் எங்கே கொண்டுபோக வேண்டும் என்பவற்றையும் எழுத்தில் பெறுங்கள்.

மலிவும் சிக்கனமும்

விலை குறைந்ததெல்லாம் சிக்கனம் ஆகாது. கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். புதியது 45,000 ரூபாய். ஆறு ஆண்டு உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 7,500. மிகப் பழையது ஒன்று 14,000. மின்கலம் மாற்ற 3,000. இரண்டே ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 8,500. நன்கு சோதித்து வாங்கியது 22,000, மின்கலத்திற்கு 3,000, நான்கு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 6,250. மூன்றிலும் மிக மலிவானதே மிக அதிகச் செலவாக முடிகிறது!

இன்னொன்றையும் நோக்க வேண்டும். புதியதற்கும் சோதித்து வாங்கியதற்கும் கைமுதலில் உள்ள வேறுபாடு 20,000 ரூபாய். அத்தொகையை நம் வீட்டார் இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 400 ரூபாய் வட்டிக்கே போகும், ஆண்டுக்கு 4,800. வாங்காத கடனே நம் உண்மையான சேமிப்பு.

சட்டத்தின் துணை

2020 சூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய பொருளை வாங்கியவரை விலக்கி வைக்கவில்லை. விலை கொடுத்துத் தன் சொந்தப் பயனுக்கு வாங்கியவர் நுகர்வோரே. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 5 இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் கையில் இரசீது இல்லாதவர்க்குச் சட்டமும் எளிதில் கைகொடுக்காது. “பில் வேண்டாமென்றால் ஐந்நூறு குறைத்துக்கொள்கிறேன்” என்று சொன்னால், அந்த ஐந்நூறுக்கு நாம் விற்பது நம் உரிமையை என்பதை நினைவில் கொள்க. இரசீதில் வரிசை எண்ணும் உத்தரவாதக் காலமும் இருக்க வேண்டும்.

நல்ல பழைய பொருளை வாங்குவது நாட்டிற்கும் தொண்டாகும். 2022இல் உலகில் குவிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடே என்றும் ஐ.நா. அமைப்புகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மின்னணுக் கழிவு விதிகள், புதுப்பிப்போரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கின்றன. கடைக்காரர் பொருள் வாங்கும் இடம் பதிவு பெற்றதா என்று கேட்பதில் தவறில்லை.

நாம் செய்யத்தக்கது

விற்பவருக்கு மட்டும் ஏன் அதிகம் தெரிகிறது? அவர் நூறு பெட்டிகளைப் பார்த்தவர். நாம் ஒன்றே ஒன்றை, அதுவும் வாழ்நாளில் சில முறையே வாங்குகிறோம். ஆனால் நாம் தனியாள் என்பது உண்மையா? இக்கல்லூரியில் ஆண்டுதோறும் எத்தனையோ மாணவர்கள் மடிக்கணினி வாங்குகிறார்கள். ஒவ்வொருவர் பட்டறிவும் அவரவர் வீட்டோடு முடிந்துபோகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி நூலகத்தில் ஒரு பதிவேடு வைக்கப்பட வேண்டும். பழைய மடிக்கணினி வாங்கும் ஒவ்வொரு மாணவரும் அதன் வகை, செயலி எண், கொடுத்த விலை, மின்கலத்தின் அளவு, எழுத்தில் கிடைத்த உத்தரவாதம் ஆகியவற்றை அதில் எழுதட்டும். ஆறு மாதம் கழித்து வந்து, அது எப்படி உழைக்கிறது, பழுதானபோது கடைக்காரர் எப்படி நடந்துகொண்டார் என்பதை ஒரு வரி எழுதட்டும். வசையும் வேண்டாம், புகழும் வேண்டாம். நடந்தது மட்டும் போதும். கணினித் துறை மாணவர்கள் வாங்கப் போகிறவர்களோடு கடைக்குத் துணையாகச் செல்லலாம். பொருளியல் துறையினராகிய நாங்கள் ஆண்டுதோறும் அப்பதிவேட்டைத் தொகுத்துத் தருகிறோம். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறோம்.

மூன்றாண்டுகளில் அதில் சில நூறு வரிகள் சேர்ந்துவிடும். அப்போது அடுத்து வரும் முதலாண்டு மாணவி ஒருத்தி, வீட்டார் சேர்த்துக் கொடுத்த பணத்தோடு கடைவாயிலில் நிற்கும்போது, அவளுக்கும் விற்பவர்க்கும் இடையே உள்ள அறிவின் இடைவெளி குறைந்திருக்கும். நேர்மையான வணிகருக்கும் அதனால் நன்மையே. நல்ல பொருளுக்கு நல்ல விலை கொடுக்கத் தெரிந்தவர்கள் அவரைத் தேடி வருவார்கள்.